துண்டுக்குள் கொடுத்த கை

என் மகளே என்னை ஏமாத்திட்டாங்க தம்பி. பெத்த மக. அதுவும் துண்டுக்குள்ள.

இப்படிச் சொன்னா உங்களுக்கு என்ன புரியும்? நீங்க சந்தைப் பக்கம் வந்த ஆள் இல்லை, கையைப் பாத்தாலே தெரியுது. என் பேரு செங்கோடன். ஈரோட்டு மாட்டுச் சந்தையில தரகு. அங்க வந்து செங்கோடன் எங்கன்னு கேட்டீங்கன்னா டீக்கடைக்காரன்கூடக் கையைக் காட்டுவான். காட்டிட்டு ரெண்டு திட்டும் திட்டுவான். என் வாய் அப்படிங்க. கோபம் முன்னாடி போய் நிக்கும், நான் பின்னாடி போய்ச் சேருவேன்.

அதா, இந்த பஸ்ஸுல முன்னாடி மூணாவது வரிசையில கையைத் துணியில கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அதுதான் என் மக. பவதாரணி. தாரணின்னு கூப்பிடறது. பாக்சிங் பண்றா. ஆமாங்க, குத்துச்சண்டைதான். பொண்ணுங்கள்ல ஹெவிவெயிட். எண்பத்தோரு கிலோவுக்கு மேல போனா அந்தப் பிரிவு. மேல எத்தனை இருந்தாலும் கேக்க ஆள் இல்லை. நேத்து சென்னையில மாநில அணிக்கு ஆள் எடுக்கற போட்டி. தோத்துட்டா. தோத்தது போகட்டுங்க. கை போச்சு. வலது கை. நடுவிரல் முட்டிக்குப் பின்னாடி ஒரு எலும்பு இருக்குதல்ல, அது ரெண்டா ஒடிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது. தகடு வெச்சு ஆபரேசன் பண்ணோணுமுன்னு சென்னை டாக்டர் சொல்றார். சீக்கிரம் பண்ணாட்டி கை மடங்காதுங்கறார். பண்ணினாலும் ஒரு வருசம் கையுறை மாட்டக் கூடாதுங்கறார்.

ஒரு வருசம்! தை மாசம் இன்னொரு போட்டி இருக்குதுங்க. அதுல ஜெயிச்சா விளையாட்டுக்காரங்களுக்குன்னு ஒதுக்கி வெச்ச போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். அதை விட்டா அப்பறம் எப்ப கூப்பிடுவானோ. அதனால நான் என்ன சொல்றேன்னா, ஈரோட்டுல எறங்கறோம், நேரா எலும்புக் கட்டுக்காரர்கிட்டப் போறோம். மூங்கில் பத்தை வெச்சுக் கட்டிட்டா எலும்பு தானா உக்காந்துக்கும். தையில சண்டை போடலாம். அவ ஒரு 'சரி' சொல்லோணும், அவ்வளவுதான். சென்னையில வண்டி ஏறுனதுல இருந்து எங்கிட்ட வாயே தொறக்கலை. என் பக்கத்துல எடம் இருந்தும் முன்னாடி யாரோ ஒரு அம்மாகிட்டப் போய் உக்காந்துட்டா.

துண்டு விசயத்துக்கு வர்றேன். சந்தையில மாட்டு விலையை வாயால பேச மாட்டோமுங்க. சுத்தி நாலு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பான். அதனால தோள்ல இருக்கற துண்டை எடுத்து ரெண்டு பேர் கை மேலயும் போட்டுக்குவோம். உள்ளார விரலைப் புடிச்சு விலை. ஒரு விரலைப் புடிச்சா ஒண்ணு. அஞ்சையும் சேத்துப் புடிச்சா அஞ்சு. வெளிய மழை பேயுதா, உங்கூர்ல கோயில் நோம்பி எப்பன்னு என்னத்தையோ பேசிட்டிருப்போம். உள்ள விரல் அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கும். வாயைத் தொறந்தா பொய் சொல்றவன்கூடத் துண்டுக்குள்ள சொல்ல மாட்டான். சொல்லிட்டான்னு தெரிஞ்சா அதுக்கப்பறம் அவன் கையை ஒருத்தனும் தொட மாட்டான். எனக்குப் பள்ளிக்கூடமே அந்தத் துண்டுதானுங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கறதுகூட லாரிக்குப் பின்னாடி எழுதியிருக்கறதைப் பாத்துக் கத்துக்கிட்டது. ஆனா எவனோட விரல் வேர்க்குது, எவன் வீட்டுல அவசரம், எவன் மாட்டுக்கு உள்ளார கோளாறுன்னு துண்டுக்குள்ள கையை வெச்ச ஒடனே சொல்லிருவேன்.

அந்தக் கையைத்தான் ஏமாத்திட்டா.

சின்னதுல இருந்தே பெரிய உடம்புங்க அவளுக்கு. ஆறாவதுல சீருடை எடுக்கப் போனா, கடைக்காரன் பத்தாவது அளவை எடுத்துப் போடறான். ஒரு நாள் சந்தையில எங்க சொந்தக்காரன் ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டு, "ஏனப்பா செங்கோடா, உன் மகளுக்கு மூக்கணாங்கவுறு போட்டாச்சா?"ன்னு கேட்டான். அங்கயே விட்டேன் ஒரு அறை. இன்னிக்கு வரைக்கும் அவனோட பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்தா இவ கேக்கறா, "எந்தக் கைப்பா?" வலதுன்னேன். "தோளைத் திருப்பி அடிச்சீங்களா, வெறும் கையை வீசினீங்களா?" அட, என்ன புள்ள கேள்வி இதுன்னு பாத்தா, குணசீலன்னு ஒரு மாஸ்டர், சேலத்துக்காரர், பட்டாளத்துல குத்துச்சண்டை போட்டவர், பள்ளிக்கூடத்து மைதானத்துல சொல்லிக் குடுக்கறாராம். அவர்கிட்டப் போய்ட்டிருக்கறாளாம். "அங்க மட்டுந்தான்ப்பா என் உடம்பைப் பாத்துட்டு யாரும் சிரிக்கலை"ன்னா. போ சாமி, நல்லாப் போன்னுட்டேன். கையுறை, காலுக்குச் செருப்பு, வாய்க்கு வெக்கற ரப்பர், எல்லாம் நான்தான் வாங்கிக் குடுத்தேன். எதையும் சொன்ன விலைக்கு வாங்கினதில்லை.

கை எப்படி ஒடிஞ்சதுன்னா, அவ எடைக்கு எங்கூர்ல பொண்ணு ஏது? பசங்களோடதான் பழகறது. ஒரு பையன் சட்டுன்னு தலையைக் குனிஞ்சுட்டான். இவ விட்ட வலது அவன் உச்சி மண்டையில போய் விழுந்துருச்சு. அவன் தலையைத் தேச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போய்ட்டான். இவளுக்கு எலும்புல விரிசல்.

எங்கூர் டாக்டர் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "நாலு வாரம் மாவுக்கட்டு. அப்பறம் மெதுவா விரலுக்கு வேலை குடுத்து, எட்டு வாரம் கழிச்சுத்தான் குத்தோணும்"னார். போட்டிக்கு ஆறு வாரம்தான் இருக்குது. நான் சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். எட்டுன்னு ஆரம்பிக்கறவன் எதுவரைக்கும் எறங்குவான்னு எனக்குத் தெரியாதுங்களா?

"நாலு வெச்சுக்கலாங்க டாக்டர்."

"எதை?"

"எல்லாஞ் சேத்து நாலு வாரம்."

"இது எலும்புங்க. என் கையில இல்லை."

"டாக்டர் கையில இல்லாட்டி யார் கையில இருக்குது? சரி, உங்க பேச்சும் வேண்டாம் என் பேச்சும் வேண்டாம். அஞ்சு."

அவர் சிரிச்சார். சிரிச்சா எறங்குறான்னு அர்த்தம். நான் எந்திரிச்சு, வேண்டாமுங்க நாங்க வேற எடம் பாத்துக்கறோமுன்னு கதவு வரைக்கும் போனேன். போய்ட்டுத் திரும்பி வந்தேன். வெளிய முப்பது நாப்பது பேர் உக்காந்திருக்கறாங்க. நர்சு உள்ள வந்து எட்டிப் பாக்குது. நான் எந்திரிக்கறதா இல்லை. கடைசியில அவரு, "அய்யா, அஞ்சு வாரத்துல வாங்க. படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன். இப்ப அடுத்த ஆளை விடுங்க"ன்னார்.

முடிஞ்சுது அஞ்சுன்னு கையைப் புடிச்சுக் குலுக்கிட்டு வந்துட்டேன்.

வெளிய வந்ததும், எங்ககூட வந்திருந்த மாஸ்டர் சொல்றார், "அண்ணா, அவர் ஒத்துக்கலைங்க. வந்து காட்டத்தான் சொன்னார்." எனக்கு வந்ததே கோபம். "மாஸ்டர், நீங்க ரிங்குக்குள்ள பேசுங்க, பேரத்துக்குள்ள வராதீங்க"ன்னேன். அவர் விடலை. "இந்த வருசம் போகட்டுமுங்கண்ணா. இருபது வயசுதான் ஆகுது. கை முழுசா ஆறாம, முழுசாப் பழகாம மேடை ஏத்தினா பாதி ஆள்தான் சண்டை போடுவா." அடுத்த சந்தைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவன் எவனையாச்சும் நான் மறுபடி பாத்திருக்கறனா? அதைச் சொன்னேன். தாரணி கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேர் வாயையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு உக்காந்திருந்தா.

அட, சுங்கச்சாவடி. வெள்ளரிப்பிஞ்சு திங்கறீங்களா? ஏம்மா, இங்க வா. என்ன இது, பிஞ்சுன்னு சொல்லிட்டு கெழடா வெச்சிருக்கற? அந்தக் கட்டு வேண்டாம், அடியில இருக்கறதை எடு. கூட ரெண்டு வை. வண்டி கெளம்புதுன்னா கெளம்பட்டும், ரெண்டு வை. ஆங். இந்தாங்க, நீங்க ஒண்ணு எடுத்துக்கிட்டு மிச்சத்தை அப்படியே முன்னாடி தள்ளி விடச் சொல்லுங்க, அவளுக்கு வெள்ளரின்னா உசுரு.

பாத்தீங்களா. வாங்கி அந்தம்மா மடியில வெச்சுட்டா. ஒண்ணுகூட எடுக்கலை.

போகட்டும். அந்த ஆறு வாரத்துல நான் அவளுக்குச் செஞ்சதை ஒரு அப்பனும் செய்ய மாட்டானுங்க. எலும்பு கூடறதுக்குத் தெனம் ஆட்டுக்கால் சூப்பு. காலையில முட்டை. சாயங்காலம் எள்ளுருண்டை. ஒரு சுத்துப் பெருத்துட்டா. மாஸ்டர் தலையில கையை வெச்சுக்கிட்டார். "அண்ணா, மூட்டையைத் தூக்கிட்டு ஓடற மாதிரி ஆயிருமுங்க. மூச்சு நிக்காது. ஓடச் சொன்னா கை அதிருது, வலிக்குதுங்கறா. ஓடாத உடம்புக்கு எதுக்குங்க இத்தனை தீனி?" மேல எல்லையே இல்லாத பிரிவுல எடையைக் கொறைக்கச் சொல்ற ஆளை நான் இவர்கிட்டத்தான் பாத்தேன். எடை அதிகமிருந்தா விலை அதிகம். இதுல என்னங்க சந்தேகம்?

மாவுக்கட்டை நாலு வாரம் ஆனதும் நானே எடுத்துட்டேன். வாளித் தண்ணியில கையை ஊற வெச்சா அது பாட்டுக்கு வந்துருது. உள்ள கை வெளுத்து, சுருங்கி, ஊற வெச்ச அவரை மாதிரி இருந்துச்சு. அஞ்சு வாரத்துல படம் எடுக்கப் போகலை. எதுக்குப் போகோணும்? நான்தான் துண்டுக்குள்ள பாத்துட்டனே.

கட்டை எடுத்ததுக்கப்பறம் வந்த சந்தை நாள் அது. இவ எனக்குத் தூக்குப்போசியில சோறு கொண்டு வந்தா. பக்கத்துல நாலஞ்சு தரகு நிக்கறோம். ஒருத்தன் கேட்டான், "ஏனப்பா, மக கை எப்படி? சென்னைக்குப் போறாளா, இல்லை அவ்வளவுதானா?" அவ்வளவுதானான்னு கேட்டது எனக்குச் சுருக்குன்னுது. "இரு, அவளையே கேட்டுச் சொல்றேன்"னு துண்டை எடுத்து ஒதறினேன். "கண்ணு, கையைக் கொண்டா. பத்துல எத்தனை சரியாயிருக்குது, அப்பாவுக்கு விரல்ல சொல்லு."

அவ என்னைப் பாத்தா. சுத்தி நிக்கறவங்களைப் பாத்தா. தூக்குப்போசியைக் கீழ வெச்சுட்டுத் துண்டுக்குள்ள கையை விட்டா. என் அஞ்சு விரலையும் சேத்து ஒரு புடி. விட்டு, மறுபடி ஒரு புடி. பத்துங்க! புடியா அது? என் மோதிரம் விரல்ல பதிஞ்சு சதை செவந்து போச்சு. "பத்து! பத்துன்னு சொல்லிட்டா!"ன்னு நான் கத்தின கத்துல கட்டியிருந்த மாடெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் சிரிச்சா. சிரிச்சாளா? சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு.

மாட்டு விசயத்துல என்னை ஒரு பயலும் ஏமாத்த முடியாதுங்க. நொண்டி மாட்டை விக்க வர்றவன் என்ன பண்ணுவான் தெரியுங்களா? விடியறதுக்கு முன்னாடியே ஒரு நடை நடத்தி, ரத்தத்தைச் சூடு பண்ணிக் கூட்டிட்டு வருவான். சூடா இருக்கறப்ப நொண்டல் தெரியாது. நான் என்ன பண்ணுவேன், அப்பறம் பாக்கலாமுன்னு அதைக் கட்டிப் போடச் சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவேன். ஆறட்டும். ஆறினதுக்கப்பறம் சிமெண்டுத் தரையில நடத்து பாக்கலாம்பேன். குட்டு வெளிய வந்துரும்.

சென்னையில போட்டிக்கு முன்னால ஒரு டாக்டர் எல்லாரையும் கையை அழுத்திப் பாத்துத்தான் உள்ள விடறார். இவளைச் சுடுதண்ணியில கையை வெச்சு நல்லாச் சூடு பண்ணிக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மாத்திரையும் குடுத்திருந்தேன். இவ முறை வந்தப்ப, வரிசையில எங்களுக்குப் பின்னாடி வந்தவளை முன்னாடி விட்டுட்டீங்க, இது என்னங்க நியாயமுன்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க. அந்த டாக்டர் என்னைப் பாப்பாரா, கையைப் பாப்பாரா? பேருக்கு ஒரு அமுக்கு அமுக்கிட்டு முத்திரை குத்திட்டார். வேலை தெரிஞ்சிருக்கோணுமுங்க எல்லாத்துக்கும்.

சண்டையைச் சொல்றேன். மூணு நிமிசம் மூணு தடவை. எதிர்ல கன்னியாகுமரிப் பொண்ணு, ஷெர்லின்னு பேரு. இவ பக்கத்துல நிறுத்தினா ஒல்லி. ஒல்லின்னா அந்தப் பிரிவுக்கு ஒல்லி, வீட்டுக் கதவுல நேரா நுழைய மாட்டா. மொத ரவுண்டு எங்களுதுங்க. இடது கையை மட்டும் நீட்டி நீட்டிக் குடுக்கறா தாரணி. டப்பு டப்புன்னு அந்தப் பொண்ணு மூஞ்சியில போய் விழுகுது. கிட்டவே வர முடியலை அவளால. நான் பக்கத்துல உக்காந்திருந்தவன் தொடையைத் தட்டியே வீங்க வெச்சுட்டேன்.

ரெண்டாவது ரவுண்டுல அந்தப் பொண்ணு நின்னு யோசிச்சா. யோசிக்கறது தெரிஞ்சுது எனக்கு. இவளுக்கு ஒரு கை வர மாட்டேங்குது, ஏன்? அவ்வளவுதான். அந்தப் பொண்ணு இவ வலது கைப் பக்கமாவே சுத்திச் சுத்தி வந்து உள்ள பூந்துட்டா. வயித்துல குத்தறா, விலாவுல குத்தறா. தட்டி விடறதுக்குக்கூட இவ வலதை எடுக்கலை. பாதி ரவுண்டுலயே தாரணி மூச்சு வாங்கி வாயைத் தொறந்துட்டா. வாயைத் தொறந்துக்கிட்டு, காலை இழுத்து இழுத்து வெச்சுக்கிட்டு. அத்தனை சூப்பு குடிச்ச உடம்பு எப்படிங்க களைச்சுப் போகும்? எனக்கு இன்னும் வெளங்கலை.

மூணாவதுக்கு மாஸ்டர் அவ காதுல என்னமோ சொல்றார். போதும், துண்டைப் போட்டு நிறுத்திக்கலாமான்னு கேட்டாராம், பின்னாடிதான் தெரியும். இவ வேண்டாமுன்னு தலையை ஆட்டியிருக்கறா. மணி அடிச்சுது. அடி வாங்கறா. நான் தடுப்புக்கு இந்தப் பக்கம். இதுவே சந்தையா இருந்தா நடுவுல பூந்து ரெண்டு பேரையும் பிரிச்சு, என்னப்பா உன் கணக்கு, என்ன உன் கணக்குன்னு கேட்டிருப்பேன். இங்க யார்கிட்டக் கேக்கறது? மார்க்குப் போடறவங்க அஞ்சு பேர், ஆளுக்கொரு பக்கம் கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டுப் பொத்தானை அமுக்கறாங்க. ஒருத்தர் மூஞ்சியாச்சும் அசையோணுமல்ல?  எங்கிட்ட இருந்தது வாய் ஒண்ணுதான். கத்தினேன். "வலது! தாரணி, வலதை விடு! பத்துன்னு சொன்னீல்ல, விடு!"

அவ திரும்பி என்னைப் பாத்தாங்க. சண்டைக்கு நடுவுல. பாத்த நேரத்துல தாடையில ஒண்ணு வாங்கினா. வாங்கிட்டு, விட்டா வலதை.

என்ன அடிங்க அது! அந்தப் பொண்ணு ரெண்டு எட்டு பின்னாடி போய்க் கயித்துல சாஞ்சுட்டா. ரெஃப்ரி குறுக்க பூந்து எண்ண ஆரம்பிச்சுட்டார். நான் சேர் மேல ஏறி நிக்கறேன். எட்டு வரைக்கும் எண்ணி, சரி போங்கன்னார். இன்னும் ஒண்ணு விட்டா முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு. இவ நகரவே இல்லைங்க. வலது கையுறையை வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டு நின்ன எடத்துல நிக்கறா. அந்தப் பொண்ணு பயந்து பயந்து கிட்ட வந்து, ஒண்ணும் வரலைன்னு தெரிஞ்சதும் குத்துனா பாருங்க. மணி அடிக்கற வரைக்கும் குத்துனா.

கையுறையைக் கழட்ட முடியலை. வெட்டித்தான் எடுத்தாங்க.

சென்னை ஆஸ்பத்திரி டாக்டர் படத்தைப் பாத்துட்டு, "பழைய விரிசல் கூடவே இல்லையே, யாருங்க குத்தலாமுன்னு சொன்னது?"ன்னு கேட்டார். "அவளேதான் சொன்னா. எங்கிட்டப் பத்துன்னு சொன்னா. நாலு பேர் சாட்சி இருக்குது"ன்னேன்.

அப்பத்தான் வாயைத் தொறந்தா. "அன்னிக்கு நான் குடுத்தது இடது கைப்பா."

எனக்குக் காது அடைச்சுப் போச்சுங்க. இடது கை! துண்டுக்குள்ள! எத்தனை வருசமா அந்தத் துண்டு என் தோள்ல கெடக்குது. திருடன் கையைப் புடிச்சிருக்கறேன், குடிகாரன் கையைப் புடிச்சிருக்கறேன், ஒருத்தன் என்னை உள்ளார ஏமாத்தினதில்லை. என் ரத்தம், என்னை ஏமாத்தியிருக்குது. அந்த ரூம்லயே கத்தினேன். மாஸ்டர் என் தோளைப் புடிச்சு வெளிய தள்ளிட்டுப் போனார்.

என்ன கேட்டீங்க? புடிச்சப்ப எனக்குத் தெரிஞ்சிருக்காதான்னா?

என்னங்க கேள்வி இது. தெரியறதுன்னா... எதிர்ல நிக்கறவங்க இடதைக் குடுத்தா பெருவிரல் மாறித்தான் வரும். அது சின்னப் புள்ளைக்கும் தெரியும். பெருவிரல் அந்தப் பக்கமா இருந்த மாதிரித்தான்... அன்னிக்கு அத்தனை பேர் நிக்கறாங்க தம்பி. அவன் வேற அவ்வளவுதானான்னு கேட்டுட்டான். புடி வேற அத்தனை பலமா இருந்துச்சு. பலமா இருக்கறப்ப விரலை யார் எண்ணிட்டிருப்பா? நீங்க எண்ணுவீங்களா? அவ பண்ணினது தப்பா இல்லையா, அதைச் சொல்லுங்க மொதல்ல.

நான் திரும்ப உள்ள போய்க் கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். "ஏஞ்சாமி, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

என்ன சொன்னா தெரியுங்களா? "வலி பத்துன்னு சொன்னா நீங்க அஞ்சுக்கு முடிப்பீங்கப்பா."

இது பேச்சாங்க? பெத்த மக வலியில நான் பேரம் பேசுவனா? அந்த டாக்டர் வேற தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவருக்கு என்ன தெரியும் எங்களைப் பத்தி. அவரு ஒரு வருசங்கறார், நான் அப்பவும் கோபப்படலை, தை மாசம் வரைக்கும்னு வெச்சுக்கலாமுங்களான்னு மரியாதையாத்தான் கேட்டேன். அதுக்குத்தான் இவ எந்திரிச்சு வெளிய போனவ. இந்நேரம் வரைக்கும் பேச்சில்லை. மாஸ்டரும் நேத்தே கெளம்பிச் சேலம் போய்ட்டார், எங்கிட்டச் சொல்லிக்காம.

இது எந்த ஊரு? சேலமுங்களா? அதுக்குள்ள வந்துருச்சா?

இருங்க. எந்திரிக்கறா.

கண்ணு, இது சேலம். ஈரோட்டுக்கு இன்னும் நேரம் இருக்குது, உக்காரு. என்ன? இங்கயா எறங்கற? எதுக்கு? யாரு, மாஸ்டரா? மாஸ்டர் எதுக்கு இங்க வந்து நிக்கறார்? ஆபரேசனா! நாளைக்குக் காலையிலயா! யாரைக் கேட்டு முடிவு பண்ணின? போன்ல உங்கம்மாவைக் கேட்டயா. ஓ. அம்மாகிட்டப் பேசறதுக்கு மட்டும் வாய் இருக்குது. நான் ஒருத்தன் பின்னாடி உக்காந்திருக்கறது தெரியலையா உனக்கு?

சரி. சரி சாமி, கோவிச்சுக்காத. கத்தலை, மெதுவாவே பேசறேன். ஈரோட்டுக்குப் போவோம், கட்டுக்காரர் ஒரு பத்து நாள் பாக்கட்டும். அதுல ஆகலைன்னா நானே கூட்டிட்டு வர்றேன். பத்து வேண்டாமா? ஒரு வாரம். ஏம்மா, கொஞ்சம் வழியை விடுங்க, மகளோட பேசிட்டிருக்கறனல்ல. நாலு நாள். தாரணி, நாலே நாள். என்னைப் பாரு. பையை வை, நான் தூக்கறேன். ரெண்டு நாள். கண்ணு, ரெண்டு நாள்ல என்ன ஆயிரப் போகுது? ஏதாச்சும் சொல்லு. நீயும் ஒண்ணு சொல்லு, சாமி.

எறங்கிட்டா.

நீங்களே பாத்தீங்கள்ல. நான் எத்தனையில ஆரம்பிச்சேன், எதுவரைக்கும் எறங்கினேன், பாத்தீங்கள்ல? சந்தையில இந்த மாதிரி எறங்கினா சிரிப்பாங்க என்னைப் பாத்து. எதிராளி ஒரு பேச்சுச் சொன்னாத்தானுங்க மேல பேச முடியும். மொறைச்சாலாச்சும் தேவலை. ஒண்ணுமே சொல்லாம எறங்கிப் போறவகிட்ட நான் எதை வெச்சுப் பேசறது? ஒரு நாள்னு அவ வாயில வந்திருந்தா, சரின்னிருப்பேன். நெசமாத்தான் சொல்றேன்.

அதா, மாஸ்டர் பையை வாங்கிக்கறார். என்னமோ கேக்கறார். இவ தலையை ஆட்டறா. இந்தப் பக்கம் திரும்பலை. கையைப் பாருங்க, எப்படித் தாங்கிப் புடிச்சுட்டு நடக்கறா. இடது கையால அதை ஏந்தி, சின்னக் கொழந்தையைத் தூக்கிட்டுப் போறவ மாதிரி. அத்தனை வலிங்களா அது? சென்னையில இருந்து அப்படியேவா வந்தா? நான் பின்னாடி உக்காந்துக்கிட்டு அவ முதுகைத்தானுங்க பாத்துட்டு வந்தேன்.

என்னங்க சொல்றீங்க? நானா?

நானும் கூடவே எறங்கியிருக்கலாமேன்னா கேக்கறீங்க?

இல்லீங்க... அவ கூப்பிடலையே. நான் ஈரோட்டுக்குன்னு நெனச்சுக்கிட்டே... எறங்கலாமுங்கறது எனக்கு... அய்யோ, வண்டி நகருதுங்களே. தம்பி, விசில் அடிச்சுட்டாங்க. நிப்பாட்டச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்களேன் தம்பி. எனக்கு வாய் வர மாட்டேங்குது.